அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்த டிவி

ஜெகதாப்பட்டினம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் பாசித்துக்கு கிபாயத்துல்லா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உன் அக்கா ரமீஜாவும் உன் மருமகள் மாஹிராவும் இறைவன் கிருபையால் சுகமாக இருக்கிறோம். தம்மாமில் நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். கண்ணும் காதும் உள்ள எந்தச் சாமானுக்கு எதிரிலும் இனி வீட்டு விஷயம் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். காகிதம் நாம் எழுதியதை மட்டும்தான் கொண்டுபோகும். மணமேல்குடி நாகராசு லீவு முடிந்து உன் கம்பெனிக்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் வேறொன்றும் இல்லை, நீ ஆர்டர் போட்டு அனுப்பிய டிவிதான். படம் நன்றாகத்தான் தெரிகிறது, குறை சொல்லக் கூடாது. அதன் உச்சியில் கேமரா ஒன்று இருப்பதை நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. மாட்டிவிட வந்த டிவி மெக்கானிக் கோபிநாத்தான் காட்டினான். இதில் வீடியோ கால் போட்டால் நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் நம்மைப் பார்க்கலாம் என்றான். உன் அக்கா, நாம் பார்க்காதபோது அது என்ன செய்யும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கோபிநாத் அதைக் காதில் வாங்காமல் திரையில் பக்கம் பக்கமாக ஓடிய ஏதேதோ எழுத்துக்கெல்லாம் பட்டனை அமுக்கிக்கொண்டே போனான். என்னப்பா அது என்றேன். "ஒண்ணுமில்ல பாய், ஒங்களுக்கு சம்மதமான்னு கேக்குது. சம்மதம்னு போட்டுட்டேன்" என்றான். எதற்குச் சம்மதம் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து உன் அக்கா ஹாலில் முக்காடு இல்லாமல் நடமாடுவதில்லை. சாப்பிடும்போதும் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொடரைக் காதால் மட்டும் கேட்டாள். அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தேன். கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது, சரிபார்க்கவும் என்று திரையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு எழுதிக் காட்டியது. எடுத்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் விராலிமலையிலிருந்து மாஹிராவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் அப்ரார். ஹைவேயில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். தகப்பன் இல்லை, தாயார் பாசிலாதான் எல்லாம். போட்டோ பிடித்துப்போய், நேரில் வருவதற்கு முன் ஒருமுறை முகம் பார்த்துப் பேசிவிடலாம் என்று அவர்கள் சொன்னார்கள். பெரிய டிவி இருக்கிறதே என்று நானும் பெருமையாக ஒத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினோம். அந்தம்மா, அப்ரார், அவன் தகப்பனுக்கு அண்ணனான பெரியத்தா, இன்னும் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். நல்லபடியாகத்தான் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு பெண் இப்போது போல் மணமேல்குடி லேபில் வேலை பார்க்க வேண்டியிருக்காது என்று பெரியத்தா இரண்டு தரம் சொன்னார், அதுதான் கொஞ்சம் நெருடல். ஸலாம் சொல்லி முடித்து, நான் ரிமோட்டில் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். திரை கறுத்தது. முடிந்தது என்று நினைத்தேன். அணைந்தது படமும் சத்தமும் மட்டும்தான், பேச்சு துண்டிக்கப்படவில்லை என்று கோபிநாத் பிறகு வந்து விளக்கினான். அதாவது நாங்கள் அவர்களைப் பார்க்க முடியாது, கேட்க முடியாது. அவர்கள் எங்களைப் பார்க்கலாம், கேட்கலாம்.

மச்சான், அதன் பிறகு நடந்ததை நீயே யோசித்துக்கொள். திரைதான் கறுத்துவிட்டதே என்று உன் அக்கா முக்காட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பையனுக்கு முன்நெற்றி கல்யாணத்துக்குள் இன்னும் ஏறிவிடும் போலிருக்கிறதே என்றாள். நான் அந்தப் பெரியத்தா மாதிரி மூக்கால் பேசி, அவர் மாதிரியே வயிற்றைத் தடவிக்கொண்டு ஹாலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினேன். நன்றாகவே செய்தேன், உன் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதோடு நின்றிருந்தால் கேலி என்று போயிருக்கும். மாஹிரா தைராய்டு மாத்திரை சாப்பிடுவதை அவர்களிடம் சொல்வதா என்று உன் அக்கா பேச்செடுத்தாள். நிக்காஹ் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன் நான். எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லுவான். மாஹிரா எழுந்து டிவிக்கு எதிரிலேயே வந்து நின்றுகொண்டாள்.

"சொல்லாம கட்டிக் குடுத்தா, நான் அங்க ஒளிஞ்சு மாத்திரை போடணுமா அத்தா? இன்னைக்கே சொல்லுங்க. வேலையையும் நான் விடமாட்டேன், அதையும் சேத்துச் சொல்லுங்க. பிடிச்சா வரட்டும்" என்றாள்.

அந்த நேரம் அவள் போன் அடித்தது. அப்ரார். நான்தான் எடுத்தேன். மூச்சு வாங்கப் பேசினான், வாசலுக்கு ஓடி வந்திருக்கிறான் போல. "மாமா, ஒங்க டிவி அணையல. இங்க எல்லாம் கேக்குது. மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க" என்றான். புடுங்கினேன். வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உன் அக்கா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள், இனி போட்டு என்ன.

மறுநாள் அந்தம்மா போன் செய்தார்கள். தைராய்டு பெரிய விஷயமில்லை, அவர்கள் தங்கைக்கும் உண்டாம். வேலை விஷயம் பேசிக்கொள்ளலாமாம். நான் கேட்டேன், எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று. கொஞ்சம் தயங்கி, "மொதல்ல கூப்புட்டுப் பாத்தோம்ண்ணே, ஒங்களுக்குக் கேக்கல. அப்பறம் சும்மா ஒக்காந்திருந்தோம்" என்றார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மனது ஆறவில்லை. "கதவு தெறந்து கெடந்தா வெளிய நின்னு குரல் குடுக்கணும்மா. உள்ள வந்து ஒக்காரக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மாஹிரா என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு, அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு ஆள் எழுந்து ஓடி வந்து போன் போட்டாரே, அவருக்கும் சேர்த்தா பதில் சொன்னீர்கள் என்றாள். ஆனாலும் முடிவு முடிவுதான். இந்தச் சம்பந்தம் வேண்டாம். டிவியைக் கழற்றித் துணி சுற்றி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க நிறுத்தியிருக்கிறேன். அடுத்த லீவில் வரும்போது நீயே எடுத்துக்கொள். இனிமேல் எங்களுக்கு ஏதும் வாங்க ஆசைப்பட்டால் பேரீச்சம்பழம் போதும்.

வெயிலில் அதிகம் நிற்காதே. உன் அக்கா உனக்காக ஐந்து வேளையும் துஆ செய்கிறாள், உன் சம்பாத்தியத்தில் பரக்கத்தும் உடம்பில் சுகமும் கிடைக்கட்டும். உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உன் மச்சான்
கிபாயத்துல்லா

பின்குறிப்பு: நாகராசுவின் விமானம் தள்ளிப்போனதால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. நேற்று பாசிலாம்மாவும் அப்ராரும் பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். வாசலில் நின்று குரல் கொடுத்து, நான் வரச் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார்கள். அந்தம்மா உன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க வீட்டுப் பேச்சை நாங்க கேட்டுட்டோம். எங்க வீட்டுக்கு எப்ப வேணாலும் வாங்க, சொல்லாமயே வாங்க, நாங்க சண்ட போடுறப்பக் கூட வாங்க" என்றார்கள். பெரியத்தா சிரித்தாராம், நான் நடந்து காட்டியதைத் திரும்பச் செய்யச் சொல்கிறாராம். வேலையை விட வேண்டாம், மணமேல்குடி இல்லாவிட்டால் விராலிமலையில் லேப் இல்லையா என்று அப்ரார் நேராக மாஹிராவிடமே சொன்னான். அவள் தலையை ஆட்டியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஹஜ் பெருநாள் கழிந்து நிக்காஹ். உனக்கு லீவு கிடைக்காது என்று உன் அக்கா இப்போதே அழுகிறாள். அதனால் மேலே எழுதியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. டிவியைத் திரும்ப மாட்ட கோபிநாத்தை வரச் சொல்லியிருக்கிறேன். நிக்காஹ் அன்றைக்குக் காலையிலிருந்து நீ பார்த்துக்கொண்டே இரு, மச்சான். எங்கள் பக்கம் படம் அணைந்துவிட்டாலும் நீ போகாதே.