பொறி வராத பேட்டரி

பிள்ளைகளா, விருதுநகர் ஜில்லா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், நெருப்புக்கு ஈரச்சாக்கு அண்ணாச்சி அளவுக்குப் பயந்த இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? பட்டாசு கம்பெனியில் போர்மேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி. அதில் மருந்து கலக்கும் ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. மருந்து என்றால் நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மருந்து இல்லை. வெடிக்குள் அடைக்கிற மருந்து. அந்த ரூமில் நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். பெரியவள் ஒன்றாம் வகுப்பில் அழுதுகொண்டும், சின்னவன் வீட்டில் தவழ்ந்துகொண்டும் இருந்த காலம் அது.

அவருடைய நிஜப் பெயர் ஓட்டர் லிஸ்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்கே போனாலும் தண்ணீரில் நனைத்த ஒரு கோணிச் சாக்கைக் கூடவே கொண்டுபோவார். அதனால் அந்தப் பெயர். டீக்கடையில் அடுப்பு கொஞ்சம் சடசடத்தால் போதும், சாக்கோடு எழுந்து நின்றுவிடுவார். "அண்ணாச்சி, அது அடுப்பு. எரியத்தான் செய்யும்" என்று டீக்கடைக்காரர் கெஞ்சுவார். "எரியட்டும். எங்கிட்டச் சொல்லிட்டு எரியட்டும்" என்பார் இவர்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகுமுன் அதைத் தொட வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். தொட்டுத் தொட்டு அண்ணாச்சிக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது. யார் வீட்டுக்குப் போனாலும் வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் இரும்பு கேட்டை உள்ளங்கையால் தொட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்க, பின்னால் வந்த பெண் வீட்டார் பதினைந்து பேரும் வரிசையாக அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கேட்டுக்கு யாரோ குங்குமம்கூட வைத்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு ஊரிலேயே இருக்க மாட்டார். திருச்செந்தூருக்குப் பஸ் ஏறிவிடுவார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டால், "அங்கனதாம்லே தண்ணி நெறைய கெடக்கு" என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. முன்பு எப்போதோ விழுந்ததில் வலது முழங்கால் கெட்டுப்போய், அவரால் கிக்கரை உதைக்க முடியாது. அதனால் பட்டனை அமுக்கினால் கிளம்புகிற வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தார். பட்டன் வேலை செய்யப் பேட்டரி வேண்டுமல்லவா? அந்தப் பேட்டரி அந்த வருடம் தீபாவளி சீசன் நேரத்தில் உயிரை விட்டது.

வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்து முடிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதனால் எங்களை ஏற்றிவரும் கம்பெனி வேனுக்கு முன்பே அவர் விருதுநகரிலிருந்து கிளம்பிவிடுவார். விடிந்தும் விடியாமலும் தெருவில் யார் இருப்பார்கள்? பால்காரர்தான். "ஏலே, ஒரு உதை குடுத்துட்டுப் போலே!" என்று கத்துவார். பால்காரரும் செம்பில் பாலை ஊற்றிவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். விருதுநகரில் மாடு முரண்டு பிடித்தால் புதுப்பட்டியில் வெடி உருவாகாது என்கிற அளவுக்கு நிலைமை வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை பால்காரர் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

நாங்கள் வேனில் வந்து இறங்கியபோது அண்ணாச்சியைக் காணோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் வாசலுக்கும் ரூமுக்கும் நடந்து நடந்து கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். "லோடு ஏத்த லாரி வந்து நிக்கி. தெனமும் கூட நின்னு பாக்கியல்ல? நீயே கலக்கிருலே" என்றார்.

எந்த டப்பாவுக்கு அப்புறம் எந்த டப்பா என்று எனக்குப் பாதிதான் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்கு மருந்தைவிட மேனேஜரிடம் பயம் அதிகம். "சரிங்க" என்று சொல்லி, மருந்தைச் சலித்துக் கலக்குகிற சல்லடையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"கைய எடுலே!"

கேட்டைத் தாண்டி ஒரு தண்ணீர் டிராக்டர் வந்துகொண்டிருந்தது. அதன் டேங்கர் மேலே, நனைந்த சாக்கோடு, அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். இறங்கி நொண்டியபடி வந்து என் கையிலிருந்து சல்லடையை வாங்கிக் கீழே வைத்தார். "மொதல்ல எத எடுக்கப் போன?" என்று கேட்டார். நான் ஒரு டப்பாவைக் காட்டினேன். அவர் அந்த டப்பாவை எடுத்துத் தூரமாக வைத்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் கழுத்தில் பாதி, வாயில் பாதியாகக் குடித்தார்.

மேனேஜர் விடவில்லை. "திங்கக்கெழமையும் இப்படி லேட்டாச்சுன்னா இவந்தான் கலக்குவான். சீசன்ல நான் மொதலாளிக்குப் பதில் சொல்ல முடியாது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? காலைல வீட்டுக்கு வாலே. நல்ல பேட்டரியா ஒண்ணு வாங்கிருவோம்."

ஒரு பேட்டரி வாங்குவதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். மறுநாள் நான் அவர் வண்டியை உதைத்துக் கிளப்ப, இரண்டு பேரும் அதிலேயே கடைத்தெருவுக்குப் போனோம்.

பேட்டரிக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று காட்ட, ஒரு ஒயரை எடுத்து அதன் இரண்டு முனைகளையும் தொட்டு உரசிக் காட்டுவார்கள். படபடவென்று நீலப் பொறி பறக்கும். வாங்க வந்தவர் முகம் மலரும். அது நல்ல வழக்கம் இல்லை, நீங்கள் ஒருநாளும் செய்யக் கூடாது. ஆனால் முதல் கடைக்காரர் அதைத்தான் செய்தார்.

பொறி பறந்தது. அடுத்த நொடி ஈரச்சாக்கும் பறந்தது. பேட்டரி, ஒயர், கடைக்காரருடைய கை, மேஜையில் இருந்த இட்லிப் பொட்டலம் எல்லாம் சாக்குக்கு அடியில் போய்விட்டன.

"யாருய்யா நீரு? கடைக்குள்ள வந்து சாக்க எறியுதீரு!"

"பொறி பறக்குதுய்யா! இத மாட்டிக்கிட்டு எவன் மருந்து ரூமுக்குப் போவான்?"

இரண்டாவது கடைக்கு முன்னெச்சரிக்கையோடு போனார். வாசல் ஷட்டரைத் தொட்டுவிட்டு, உள்ளே போகாமல் அங்கிருந்தே கேட்டார்: "பொறி வராத பேட்டரி இருக்கா?"

நம் ஊர் கடைக்காரர்கள் எதையும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "அந்த மாடல் இப்பத்தான் தீர்ந்துச்சு அண்ணாச்சி. ஆர்டர் போட்டிருக்கோம். அடுத்த மாசம் வந்துரும்" என்றார் அவர்.

"பாத்தியாலே, இருக்காம்!" என்று அண்ணாச்சி என் தோளில் தட்டினார். எனக்கு அழுகை வந்தது. திங்கட்கிழமை சல்லடை என் கைக்கல்லவா வரும்?

மூன்றாவது கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஒரு அக்கா தனியாக நடத்திவந்தார். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, கை முழுவதும் ஆசிட் பட்ட தழும்பு. அவர் வாயைத் திறக்குமுன், அண்ணாச்சி அலமாரியில் இருந்த ஒரு பேட்டரியை எடுத்து என் முன்னால் பிடித்தார். "உரசுலே." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேஜையில் கிடந்த ஒயரை வைத்து உரசினேன். ஒன்றுமே வரவில்லை. இன்னொரு தடவை உரசினேன். சாந்தமாக இருந்தது.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். "இது பேட்டரி! என்ன கொணம், என்ன அடக்கம்! இதையே குடு தாயி."

"அண்ணாச்சி, அதுல இன்னும் ஆசிட்டே ஊத்தல" என்றார் அக்கா.

"அம்புட்டும் நல்லதுதான். ஊத்தாமலே குடு."

அக்கா அவரையும், சாக்கையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வேல?"

"பட்டாசு கம்பெனில போர்மேன்."

"அப்படிச் சொல்லுங்க. நீங்க செய்ற சரத்தைக் கொளுத்துனா என்ன ஆகும்?"

"வெடிக்கும்."

"வெடிக்காம புஸ்ஸுன்னு போனா?"

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க சரக்கு ஒருநாளும் அப்படிப் போகாது. போனா அது நமுத்த சரக்கு. எவனும் வாங்க மாட்டான்."

"அந்தா உங்க கையில இருக்குல்ல? அதுதான் நமுத்த சரக்கு. பொறி வர்ற சத்து இருந்தாத்தான் அண்ணாச்சி உங்க வண்டி கெளம்பும். வராட்டி அது பேட்டரி இல்ல, செங்கல்."

அண்ணாச்சி கையிலிருந்ததை நிதானமாகத் திரும்ப அலமாரியில் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொறியின் பக்கத்து நியாயத்தை யோசிக்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியது ஒரே பாஷை. "எந்த மாசம் செஞ்சதுன்னு அடில குத்தியிருக்கும், பாத்துக்கோங்க. ரொம்ப நாள் கெடந்த பேட்டரி ஆகாது" என்றார் அக்கா. "போன வருச சரக்கு! தெரியும், தெரியும்" என்றார் இவர். பெரிய பேட்டரியாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று அண்ணாச்சி லாரி பேட்டரி ஒன்றைக் காட்டினார். "பழசு எத்தன ஆம்பியரோ புதுசும் அத்தன. வண்டி தாங்குறதத்தான் போடணும்" என்றார் அக்கா. "வெடிக்குழல் தாங்குற மருந்து!" என்று இவர் தலையை ஆட்டினார். "இப்ப ஆசிட் ஊத்தி சாயங்காலம் வரைக்கும் மெதுவா சார்ஜ் ஏத்தணும். அவசரப்பட்டு உடனே கேட்டா ஆறு மாசத்துல படுத்துரும்" என்று அக்கா சொன்னதும், அண்ணாச்சி அவரைக் கும்பிடாத குறைதான். "மெதுவா. அதத்தான் தாயி நானும் கம்பெனில கழுதையாக் கத்துதேன்!"

சாயங்காலம் வரை கடைக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பேட்டரியை மாட்டும்போது கடைசித் திருகில் சின்னதாக ஒரு பொறி வந்தது. அண்ணாச்சி சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எறியவில்லை. "முன்னால லைட்டப் போட்டுக்கிட்டே பட்டன அமுக்குங்க. லைட்டு அணையாம வண்டி கெளம்புதான்னு பாருங்க" என்று அக்கா சொன்னார். அமுக்கினார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. லைட் கொஞ்சம்தான் மங்கியது. அண்ணாச்சி அந்த அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டி, கடை ஷட்டரைத் தொட்டுவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை வேனில் போகிறேன். கம்பெனிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஒரு பாலத்தை ஒட்டிக் கருவேல மரத்தடியில் அண்ணாச்சியின் வண்டி தனியாக நிற்கிறது. ஆளைக் காணோம். புதுப் பேட்டரியும் படுத்துவிட்டது, மேனேஜர் எனக்காகக் காத்திருக்கிறார் என்றே நினைத்தேன். சல்லடையைப் பிடிக்கப் போகிற கையைப் பார்த்தேன்.

கம்பெனி வாசலில் வேன் நின்றதும் இறங்கி ஓடினேன். மருந்து ரூமுக்குள் அண்ணாச்சி, சட்டையெல்லாம் வேர்வை நனைய, அன்றைய மருந்தில் கடைசிச் சல்லடையைச் சலித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வெளியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "வண்டி நல்லாத்தான ஓடுது? பெறவு எதுக்கு அங்கன நிறுத்திட்டு நொண்டிக்கிட்டு வாரீக?"

"அதுல பொறி வருது."

"எல்லாப் பேட்டரிலயும்தான் வரும் அண்ணாச்சி!"

"இதுல நல்லா வருதுல்லா" என்றார் அவர் பெருமையாக. "நல்ல பேட்டரி."

வேலையை விட்டுப் போகும்வரை அந்த வண்டியை அவர் பாலத்தைத் தாண்டிக் கம்பெனிப் பக்கம் கொண்டுவரவே இல்லை. அதற்காகத் தினமும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, அந்தக் கெட்ட முழங்காலோடு ஒரு கிலோமீட்டர் நடந்து வந்து, எங்கள் வேன் வருவதற்குள் மருந்தைக் கலந்து முடித்து வைத்திருப்பார். ஒருநாளும் லேட் இல்லை. சல்லடை அதற்குப் பிறகு என் கைக்கு வரவே இல்லை. நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்த சிரிப்பெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் நடந்தார்.

அந்த ரூமில் வேலை பார்த்த நாங்கள் எல்லோரும் முழுசாக வீட்டுக்கு வந்தோம். உங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டியதும், சடை பின்னி விட்டதும், இப்போது இதை எழுதுவதும் இந்தப் பத்து விரல்கள்தான். பத்தும் இருக்கின்றன, பிள்ளைகளா, எண்ணிப் பாருங்கள்.