மூன்றாம் ஓலையும் என் ஒற்றை வரியும்

நான் எழுதியதிலேயே அழகான புரோகிராம் ஒரே ஒரு வரிதான். அதனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

2009 வாக்கில் நாகர்கோவிலில், மூன்றே பேர் கொண்ட அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் கடற்கரை ஊர் மாதா கோயிலுக்குத் திருமண ஓலை அச்சிடும் புரோகிராம் செய்தோம். (கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை உண்டா என்று ஊரைக் கேட்பதுதான் ஓலை.) அறுபது வரியில் எவனும் எழுதுவதை நான் ஒரே வரியில் எழுதினேன். கூட வேலை பார்த்த ஜெசிந்தா, எங்கள் ஊர்க்காரி, எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு வேற ஆராவது இதத் திருத்தணும்னா எப்பிடி மக்கா?"

"எங்கிட்ட கேளு," என்றேன். அவ்வளவு திமிர்.

ஆறு மாதத்தில் ஜெசிந்தாவுக்கே கல்யாணம். மஸ்கட்டிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு ஒரு மாத லீவு. இரண்டு ஓலை முடிந்ததும், மாப்பிள்ளையின் ஊரும் ஓலையில் வரவேண்டும் என்றார் பங்குத்தந்தை. என் வரியின் முன் மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. எழுதினவனைக் கேட்கலாம் என்றால், அந்தப் பாவி நானேதான். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தோன்றிய இடத்தில் ஓர் எழுத்தை மாற்றினேன். அந்த வாரம் அச்சான ஓலைகளில் முதலாவதில் ஊர் சரியாக வந்தது. மீதியைப் பார்க்காமலே, பூசையில் ஓலை வாசிக்கும் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டேன். (சோதனைக்காக என்னையே மாப்பிள்ளையாகப் பதிந்து வைத்திருந்தேன். அழித்தால் வேறு என்ன உடையுமோ என்று பயந்து அழிக்கவில்லை.)

ஞாயிறு பூசையில் உபதேசியார் ஜெசிந்தாவின் பெயரை வாசித்தார். தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, மணமகனாக என் பெயரை வாசித்தார். "மூன்றாம் ஓலை. தடை உண்டா?"

பக்கத்திலிருந்த அப்பா மெதுவாகக் கேட்டார். "ஏலே, வீட்டுல ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

மாப்பிள்ளை எழுந்தார். "எனக்குத் தடை உண்டு ஃபாதர்."

ஓலையை அங்கேயே திருத்தி வாசித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாதான் அடங்கவில்லை. "ஒண்ணுமில்லாமலா கம்ப்யூட்டர் இவன் பேரச் சேக்கும்?" பங்குத்தந்தை அறையில் அத்தனை பேர் முன்னும் நான் அந்த வரியை விளக்க வேண்டும். விளக்கினால் ஜெசிந்தாவின் மானம் தப்பும். எனக்கே விளங்காததை எப்படி விளக்க? முழிக்க முழிக்கக் கள்ளன் முகம் கூடிக்கொண்டே போனது. செத்துவிடலாம் போலிருந்தது.

ஜெசிந்தா என்னைக் கம்ப்யூட்டர் முன்னிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். கல்யாணப் பெண், அழுதுகொண்டே அறுபது வரி எழுதினாள். மாப்பிள்ளை பின்னால் நின்று தன் அம்மாவுக்கு வாசித்தார். "இது பொண்ணு பேரு, இது மாப்பிள பேரு, இது எத்தனாவது ஞாயிறு. இங்கதாம்மா இவன் வரியில பேரு மாறிப் போயிருக்கு." கம்ப்யூட்டரைத் தொட்டறியாத அந்த அம்மாவுக்கே விளங்கியது.

கல்யாணம் நடந்தது. பிறகு என் கல்யாணத்துக்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் அந்த அம்மா முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, பெயரைக் கேட்டுவிட்டுத்தான் போனார். என் மனைவியோ இன்றும் சண்டை வந்தால் ஒன்றே ஒன்று சொல்வாள்: "அன்னைக்கு அந்த மஸ்கட் மாப்பிள வாயத் திறக்காம இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."