பின் சீட்டுக்குக் கால் முளைத்த கதை

இந்தக் கோடைத் திருவிழாவில் பழைய கார்களுக்கான கோப்பையை அடுத்த வீட்டு நெவிலுக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மூன்று வருடமாக அவனுக்கே கிடைக்கிறது. நான் தோட்டத்தில் தேநீர் குடிக்கும் நேரம் பார்த்து அதை வேலியோரம் வைத்துத் துடைப்பான், படுபாவி!

என் கார் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே பார்த்தால் அழுகை வரும். கதவுப் பலகைகளில் வார்னிஷ் உரிந்திருந்தது. பின் சீட்டின் தோல் வெடித்து, உள்ளே அடைத்திருந்த குதிரைமயிர் எட்டிப் பார்த்தது. இங்கிலாந்து மழைக்குக் கராஜில் சாயம் காயவே காயாது. மனைவி எடித்திடம் பயந்துகொண்டே கேட்டேன்.

"பின் சீட்டை வரவேற்பறையில வச்சு வேலை பார்க்கட்டுமா?"

"தாராளமா. சோபாவைத்தான் சர்ச்சுல பழைய சாமான் விற்பனைக்குக் குடுத்துட்டேனே."

"குடுத்துட்டியா? எப்போ?"

"நீ வண்டிக்கடியில படுத்திருந்தப்போ. புது சோபா கேட்டு எத்தனை வருஷமாச்சு, பெர்சி? கார் முடியட்டும், கார் முடியட்டும்னே சொல்லிட்டிருந்தே."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது?

தோலைக் கழுவினேன். வெடிப்புகளைத் தைத்து அடைத்தேன். ஒயின் சிவப்பில் பூச்சுக்கு மேல் பூச்சு கொடுத்தேன். எடித் தினமும் உட்கார்ந்து பார்த்துக் குறை சொன்னாள்.

"இந்த மூலை முதுகுல குத்துது."

"அந்த மூலையில யாரும் உக்கார மாட்டாங்க."

"நடுவர் உக்காந்தா?"

நியாயம்தானே! இன்னும் கொஞ்சம் குதிரைமயிர் திணித்தேன்.

"குனிஞ்சு குனிஞ்சு உன் இடுப்பு போயிடும். அடியில நாலு கட்டைக் கால் வச்சுக்கோயேன்."

என்ன கரிசனம்! திருவிழா அன்று கழற்றிக்கொள்ளலாம் என்று, உருகிப்போய் நானே கால் வைத்தேன்.

திருவிழா அன்று காலை, புது வார்னிஷ் பூசிய கதவுப் பலகைகளை மாட்டினேன். அவற்றின் வால்நட் மரம் தேன் நிறத்தில் மின்னியது. சீட்டை எடுக்க உள்ளே போனால் வெறும் கம்பளம்தான் கிடந்தது. எடித்தையும் காணோம். தேட நேரமில்லை, அப்படியே ஓட்டிப் போனேன்.

நெவில் ஜன்னலுக்குள் தலையை விட்டான். "பின்னாடி உக்கார்றவங்க வீட்டுலேர்ந்து நாற்காலி கொண்டு வரணுமா, பெர்சி?"

நடுவர் கதவுப் பலகையைத் தடவி "அருமை!" என்றார். பின்பக்கம் பார்த்தார். பேனாவை மூடினார். கோப்பை மறுபடியும் நெவிலுக்கே போனது.

எடித்தைத் தேடிப் போனேன். பெண்கள் சங்கக் கூடாரத்தில், ஜாம் பாட்டில்களுக்கும் பின்னல் சட்டைகளுக்கும் நடுவே என் பின் சீட்டு நின்றது! அதன் மேல் பூப்போட்ட குஷன். குஷனில் சாய்ந்துகொண்டு எடித். பக்கத்தில் ஒரு சிவப்பு அட்டை: 'கைவேலைப் பிரிவு. முதல் பரிசு: திருமதி எடித் டிட்வெல்.'

"எடித்! அது என் சீட்டு! ஒவ்வொரு தையலும் நான் போட்டது!"

"குஷன் உறை நான் தச்சதுதானே? கத்தாதே, பாதிரியார் பார்க்கறார். காலையில அவர்தான் வேன்ல ஏத்திட்டு வந்தார், இப்போ அவருக்கு வேற வேலை இருக்காம். வாயை மூடிட்டு என் புது சோபாவை ஒரு பக்கம் பிடி, வீட்டுக்குக் கொண்டு போகணும், பெர்சி. உன் வண்டியிலதான் பின்னாடி காலியா இருக்கே!"