ஒண்ணும் ஆகாது மாமாவும் எங்கள் பெங்களூர் காரும்

விபத்து என்ற சொல்லை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல் வாழ்நாள் முழுக்க வண்டி இன்சூரன்ஸ் விற்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இருக்கிறார். அமங்கலமாக எதையும் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. பாலிசி எடுக்க யார் போனாலும் முதல் வார்த்தை, "ஒண்ணும் ஆகாது, பெருமாள் பாத்துப்பார்" என்பதுதான். அதனால் தெருவுக்கே அவர் ஒண்ணும் ஆகாது மாமா. நிஜப்பெயர் போஸ்ட்மேனுக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

"பெருமாள் பாத்துப்பார்னா பாலிசி எதுக்கு மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவருக்கும் ஒத்தாசையா ஒரு பேப்பர் வேண்டாமா?" என்றார்.

யாரோ ஒருவருடைய கார் மரத்தில் மோதி, முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. மாமாதான் கிளெய்ம் எழுதிக் கொடுத்தார். விபத்து எப்படி நடந்தது என்ற இடத்தில், 'பெருமாள் கிருபையால் ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதியிருந்தார். ஒன்றும் ஆகவில்லையென்றால் எதற்குப் பணம் கேட்கிறீர்கள் என்று கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. நியாயம்தானே!

இப்பேர்ப்பட்டவரிடம் நாங்கள் போய் நின்றதற்குக் காரணம் என் மனைவி வசந்தியின் இடது முழங்கால். அவள் தில்லை நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாடிப்படியில் விழுந்து, ஆபரேஷன் ஆகி, நீண்ட லீவில் இருந்தாள். பள்ளி திறக்கும் நாளில் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கூட்டர் இனி கூடாது, கிளட்ச் மிதிக்கிற கார் கூடாது, ஆட்டோவில் தூக்கிப் போட்டால் உயிர் போகிறது. அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் தெரிந்த ஒருவர் வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் கியர் மாற்றவே வேண்டாத காரை விற்றார். வாங்கினேன். ஆக்டிங் டிரைவர் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். எனக்கு பைக்கைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது; கார் ஓட்டத் தெரிந்தவள் வசந்திதான்.

மாமா வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். கர்நாடகா நம்பர் பிளேட்டைப் பார்த்து, பாவம், ஊர்விட்டு ஊர் வந்திருக்கிறது என்று பானெட்டைத் தடவிக்கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பாலிசி இன்னும் வித்தவர் பேர்ல இருக்கு. இப்போ ஏதாவது... அது... ஆச்சுன்னா, கம்பெனி அவரைத் தேடும், நீங்க கம்பெனியைத் தேடுவேள். பேரும் நம்பரும் மாத்தற வரைக்கும் சாவியைத் தொடாதீங்கோ."

"அப்ப வசந்தி பிசியோதெரபிக்கு எப்படிப் போறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவருடைய கிழட்டுக் கார் எங்கள் வாசலில் நின்றது. தில்லை நகர் வரை கூட்டிப்போய், காத்திருந்து, கூட்டிவருவார். பெட்ரோலுக்கு நான் கொடுத்ததைத் தொடவே இல்லை. ஒரே ஒரு சங்கடம். காவிரிப் பாலத்தில் திரும்பி வரும்போது ராஜகோபுரம் கண்ணில் பட்டதும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிடுவார். "மாமா, கை, கை!" என்று வசந்தி அலறுவாள். "ஒண்ணும் ஆகாது டீச்சர்" என்று சாவகாசமாகக் கையை இறக்குவார். முழங்கால் வலி அந்தப் பாலத்தில்தான் மறந்துபோனது என்று அவள் இன்றும் சொல்கிறாள்.

பாலிசியில் பெயர் மாற்ற ஓடிபி வந்தது, ராகுகாலத்தில். "போகட்டும், நல்ல நேரத்துல இன்னொண்ணு வரும்" என்று அது காலாவதியாகும்வரை மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நல்ல நேரத்தில் இன்னொன்று வரத்தான் வந்தது. பெங்களூர் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வரவேண்டிய தடையில்லாச் சான்றுக்கு விற்றவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தபோது, மாமா தினமும் விடியற்காலையில் அவருக்குப் போன் செய்து, "குழந்தைகள் க்ஷேமமா?" என்று மட்டும் விசாரித்தார். அந்த விசாரிப்பைத் தாங்க முடியாமல் மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கடைசியில், பள்ளி திறக்கும் வாரத்துக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டும் நாள் வந்தது. மாமாதான் ஓட்டிவந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து, சேஸிஸ் நம்பரைத் தேடிக் குனிந்தார்.

"என்னங்க இது, நம்பரே தெரியலையே?"

நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் விரற்கடை கனத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். இன்ஜின் சூட்டில் காய்ந்து, சிமெண்ட் பூசியதுபோல இறுகிக் கிடந்தது.

"நான்தான் சார் வெச்சேன்" என்றார் மாமா. "பிளேட்டுல இருக்கறது ஊருக்கு ஊர் மாறும். இதுதானே வண்டியோட நெஜப் பேரு? பூஜை போட்டா இதுக்குத்தானே பொட்டு வைக்கணும்?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "சுத்தம் பண்ணிட்டு இன்னொரு நாள் வாங்க" என்றார். அந்த இன்னொரு நாள் என்பது பள்ளி திறந்த பிறகு. மாமாவின் கிழட்டுக் காரை நம்பித் தினமும் முதல் மணிக்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியாது.

மாமாவின் முகம் வெளிறிப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர் வேலை என்னால போயிடுமோன்னு பயமா இருக்கு சார்."

அவர் வாயிலிருந்து கெட்டதாக ஒரு வார்த்தை வந்து அன்றுதான் கேட்டேன். இன்ஸ்பெக்டர் காதிலும் விழுந்திருக்கவேண்டும். "சாப்பாட்டு நேரத்துக்குள்ள நம்பர் தெரிஞ்சா பாக்கறேன்" என்று நகர்ந்தார்.

எதிர்க்கடையில் டூத்பிரஷ் வாங்கினேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானெட்டுக்குள் தலையை விட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு, "இன்ஜின் நம்பர்?" என்றார்.

"அதுக்கு வெறும் குங்குமம்தான் சார்" என்றார் மாமா, பணிவாக.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள், தமிழ்நாட்டு நம்பருடன் கார் எங்கள் வாசலில் நின்றது. மறுநாள் காலை வசந்தி புதுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். வாசலில் எங்கள் காருக்குப் பின்னால் வழக்கம்போல மாமாவின் கிழட்டுக் கார் வந்து நின்றது. இனி வரவேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்ல மனம் வரவில்லை. அவர் இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"வாங்க மாமா" என்று வசந்தி இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

அது என் இடம். நான் சந்தோஷமாகப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.