நாற்பத்திரண்டு துண்டுகளும் ஒரு பாக்கெட்டும்

"முழுங்கிடுச்சா?" என்று கேட்டாள் மனைவி.

மாட்டு டாக்டர் நாயின் வாயை அகலத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "முழுங்கிடுச்சு. மஞ்சள் துண்டு பூரா உள்ளே போயிடுச்சு."

"எப்ப வெளியே வரும்?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துடும். துணிதானே."

"வந்தா அதையே எடுத்துத் தச்சிடுவீங்களா?"

டாக்டர் நாயின் வாயை மூடினார். ஒரு கணம் அதையும் யோசித்துப் பார்த்தார் என்பதுதான் உண்மை.

நாய்க்குப் பின்னங்காலில் ஆபரேஷன் ஆகி நான்கு நாளாகியிருந்தது. ஆஸ்பத்திரி கீழே, வீடு மாடியில். தனியாகக் கிடந்து அனத்துகிறதே என்று இரக்கப்பட்டு டாக்டர்தான் அதை மாடிக்குத் தூக்கிவந்தார். காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பையும் பாவம் பார்த்துக் கழற்றிவிட்டார். நாய் காயத்தை நக்கவே இல்லை. நேராக நாற்காலியில் மடித்து வைத்திருந்த அம்மாவின் போர்வையிடம் போய்விட்டது.

அது அம்மா கையால் தைத்த ஒட்டுப்போர்வை. பிள்ளைகள் மூவரும் வீட்டை விட்டுப் போன பிறகு, வீட்டில் மிஞ்சிய பழைய உடுப்புகளை வெட்டி நாற்பத்திரண்டு துண்டுகளாகச் சேர்த்துத் தைத்தது. அம்மா போன பிறகு அது நான்கு மாதத்துக்கு ஒரு வீடு என்று அக்கா, அண்ணன், கடைசித் தம்பியான டாக்டர் என மூவரிடமும் சுற்றிவந்தது. அப்படிச் சட்டம் போட்டது அக்கா. சேதம் செய்தவர் வீட்டுக்கு அடுத்த முறை போர்வை வராது என்பதும் அவள் சட்டம்தான். ஒரு சொட்டுக் காப்பியைச் சிந்திய குற்றத்துக்காக அண்ணன் ஒரு வருஷம் போர்வையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நாளை மத்தியானம் அக்கா வருகிறாள், போர்வையை வாங்கிக்கொள்ள. நாய் தின்றதோ, நாற்பத்திரண்டு துண்டுகளில் அவளுக்கு மிகப் பிடித்த மஞ்சள் துண்டு. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த அன்று அவள் போட்டிருந்த கவுன். அந்தக் கதையை அவள் ஒவ்வொரு முறையும் சொல்வாள். ஆரம்பத்தில் அது நூறு மீட்டர் பந்தயமாக இருந்தது. போன தடவை நானூறு மீட்டர் ஆகியிருந்தது.

"உங்க அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"எதுக்கு? நான் எருமை வயித்தையே தச்சவன். ஒரு போர்வையைத் தைக்க முடியாதா?"

மேசையில் போர்வையைக் கிடத்தினார். கையுறை மாட்டினார். ஓட்டைக்குள் இடுக்கியை விட்டார்.

"அய்யோ, உள்ளே எதுக்கு நோண்டுறீங்க?"

"காயத்தைச் சுத்தம் பண்ணாம தையல் போட்டா உள்ளே சீழ் வைக்கும்."

"போர்வைக்கா?"

"எதுவா இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு."

உள்ளே பஞ்சு இல்லை. பழந்துணிகளை அடுக்கி அங்கங்கே ஒரு தையல் போட்டு அம்மா நிரப்பியிருந்தாள். மேலாக இருந்த துணி நாயின் எச்சிலில் ஊறியிருந்தது. அதை இழுத்தால் அடுத்ததும் கூடவே வந்தது. அதை இழுத்தால் அதற்கடுத்ததும் வந்தது. கண்ணாடியைக் கீழே மறந்து வைத்திருந்ததால் என்ன வருகிறது என்று டாக்டருக்குச் சரியாகத் தெரியவும் இல்லை. நடு ஆபரேஷனில் எழுந்து போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அரைமணி நேரத்தில் போர்வை தொளதொள என்று கிடந்தது. வாளி நிறைந்திருந்தது.

வாளியில் கிருமிநாசினியை ஊற்றி, மாடிப்படியில் நின்று கீழே கத்தினார். "கம்பவுண்டரம்மா! இதை நல்லா அலசிக் காயப்போட்டு நாய்க்கு விரிச்சிடுங்க!"

கம்பவுண்டரம்மா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். நாயும் நொண்டிக்கொண்டே அவள் பின்னால் போனது. செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்ற திருப்தி அதன் முகத்தில் இருந்தது.

உள்ளே ஏதாவது வைக்க வேண்டுமே. ஆஸ்பத்திரிப் பஞ்சு நான்கு சுருளைப் பிரித்துத் திணித்தார். போர்வையின் ஒரு பக்கம் வயிறு உப்பிய பசு மாதிரி எழும்பி நின்றது. டாக்டர் அதைத் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் புரட்டி அமுக்கினார். உப்பினால் என்ன செய்வதென்று அவர் கைக்குத் தெரியும். கை யோசிக்கவில்லை. இடது விலாவில் கச்சிதமாக ஒரு வெட்டு வெட்டியது.

"என்னங்க!"

"உள்ளே இருக்கறது வெளியே வரணும்ல?"

"அது மாமாவோட சட்டைத் துண்டுங்க!"

இப்போது ஓட்டை இரண்டு. அப்பாவின் கோடு போட்ட சட்டை வழியாகப் பஞ்சு எட்டிப் பார்த்தது. டாக்டர் வளைந்த ஊசியில் கறுப்பு நைலான் நூலைக் கோத்து மளமளவென்று தைத்தார். மாட்டுத் தோலைத் தைக்கும் அதே தையல். ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். நிற்கத்தான் செய்தது, நூல் முனைகளோடு சேர்த்து. அப்பாவின் சட்டைக்கு மீசை முளைத்துவிட்டது.

அப்போது தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்துப் பேசிவிட்டு முகம் வெளுத்துப்போய் வந்தாள்.

"உங்க அக்கா இன்னிக்கே கிளம்பிட்டாங்களாம். பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டாங்க. இருபது நிமிஷத்துல வந்துடுவாங்க."

அவள் ஓடிப்போய் ஒரு மஞ்சள் தலையணை உறையைக் கொண்டுவந்தாள். "இதை வெட்டி ஒட்டிடுங்க. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வெயில்ல வெளுத்துப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

டாக்டர் கத்தரியை எடுத்தார். உறையைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த ஒன்று திடீரென்று வெளியே வந்தது.

"முடியாது," என்றார்.

"என்ன முடியாது?"

"இதுல அக்கா துண்டு பதினாறு. அண்ணன் பன்னெண்டு. அப்பா எட்டு. அம்மா அஞ்சு. எவ்வளவு ஆச்சு?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்திரண்டாவது என்ன தெரியுமா? சமையலறை ஜன்னல் திரை! ஜன்னலுக்குக்கூட இடம் இருக்கு. எனக்கு இல்லை. இப்ப என் கையாலயே மறுபடியும் அக்காவைத் தைக்கணுமா?"

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சின்ன வயதில் அவர் சட்டையைக் கழற்றிப்போட்டு விளையாடுவார். யார் சட்டையையாவது மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், அல்லது சட்டையே இல்லாமல் வருவார். அம்மா சலித்துப்போய், அவருடைய சட்டைக் காலரில் மட்டும் அடையாளத்துக்குச் சிவப்பு நூலால் ஒரு சின்ன மீன் தைத்துவிடுவாள். மீனோடு சேர்த்துத் தொலைத்துவிட்டு வருவார். அதனால் கடைசிப் பையனின் சட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று அக்கா சொல்வாள். அவரும் அதை நம்பிக்கொண்டு, தன் முறை வரும் ஒவ்வொரு நான்கு மாதமும் தான் இல்லாத போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

டாக்டர் தான் போட்டிருந்த பச்சை ஆபரேஷன் கோட்டைக் கழற்றினார். நெஞ்சுப் பாக்கெட்டைச் சதுரமாக வெட்டினார். பேனா மை ஒழுகிய கறையோடு, அப்படியே. கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, பாக்கெட்டை மஞ்சள் இருந்த இடத்தில் வைத்துத் தைக்க ஆரம்பித்தார்.

"பொருந்தவே இல்லைங்க," என்றாள் மனைவி.

"பொருந்த வேண்டாம். தெரிஞ்சாப் போதும்."

கடைசி முடிச்சைப் போடும்போது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா இது, வீடெல்லாம் ஆஸ்பத்திரி வாசனை?" என்றபடி பையை வைத்தாள். போர்வையை எடுத்தாள். வழக்கம்போலத் தோளில் போர்த்திக்கொண்டாள். நெற்றி சுருங்கியது. "முன்ன மாதிரி கதகதன்னு இல்லையே." விரித்தாள். மீசை வைத்த சட்டையைப் பார்த்தாள். பிறகு பாக்கெட்டைப் பார்த்தாள். பாக்கெட்டுக்குள் விரலை விட்டும் பார்த்தாள்.

"என் மஞ்சள் கவுன் எங்கேடா?"

"நாய் தின்னுடுச்சு."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நானூறு மீட்டர் ஓடி ஜெயிச்ச கவுன்டா அது!"

"நூறு மீட்டர்," என்றார் டாக்டர். "நூறு மீட்டர்தான் அக்கா. ஓடினது மூணு பேர். ஒருத்தி பாதியிலே செருப்பு அறுந்து உட்கார்ந்துட்டா. இன்னொருத்தி அவளைப் பாத்துச் சிரிச்சிட்டு நின்னுட்டா. நான் வேலி மேல உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சட்டை இல்லாம!"

"ஆமா, சட்டை இல்லாம! அதுக்காக என்னைக் கணக்குலேயே சேர்க்க மாட்டீங்களா?"

"மீன் தச்சுப் போட்டும் தொலைச்சவன் நீ! அம்மா எதை வெட்டி ஒட்டுவா?"

"அதான் நானே ஒட்டிக்கிட்டேன். அடுத்த முறை எனக்குத் தரமாட்டியா? தராதே. எட்டு வருஷம் தராதே. ஆனா உன் வீட்டுக்கு, அண்ணன் வீட்டுக்கு, எங்கே போனாலும் என் பாக்கெட்டோடதான் இந்தப் போர்வை போகும். அதைப் பிரிக்க முடியாது. அது மாட்டுத் தையல்!"

அக்கா நூல் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, மைக் கறையை விரலால் தடவினாள்.

"கண்றாவியா இருக்கு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உன்னை மாதிரியே இருக்கு," என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "அவ செருப்பு அறுந்ததை அண்ணன்கிட்ட சொல்லாதே," என்றாள்.

"பாக்கெட்?"

"இருக்கட்டும்டா. நீயும்தான் இரேன்."

டாக்டருக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை. கோட்டில் இருந்த ஓட்டை வழியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அக்காவை முதன்முதலாக ஜெயித்துவிட்ட பூரிப்பில் மனைவியைப் பார்த்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, பாதி காய்ந்த துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கம்பவுண்டரம்மா படியேறி வந்து கதவருகில் நின்றாள்.

"டாக்டர், நீங்க கொடுத்த பழந்துணியைப் பிரிச்சுப் பாத்தா எல்லாம் சின்னச் சின்னச் சட்டையா இருக்கு, ஒவ்வொரு காலர்லயும் சிவப்பு நூல்ல ஒரு மீன் தச்சிருக்கு. நாய்க்கே விரிச்சிடவா?"