புயல்கட்டியின் ஏழு முடிச்சு

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தம் உருவானால் போதும், பழவேற்காட்டில் ஆதிநாராயணன் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஏரிக்குள் இருக்கும் தீவிலிருந்து மீனவர்கள் படகேறி வருவார்கள். பந்தல் நனையக்கூடாது என்று வேப்பம்பட்டிலிருந்து கல்யாண வீட்டார் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து: மஞ்சள் கயிறு, ஏழு முடிச்சு. கட்டினால் புயல் திரும்பிவிடும். ஆளுக்குப் பெயரே புயல்கட்டி.

மூன்று வருஷத்துக்கு முன் இதே ஆள் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் மெஷினுக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சங்கடம். மெஷின் ஓடுகிறதா இல்லையா என்பது சாயங்காலமே தெரிந்துவிடும். புயல் அப்படியில்லை. இங்கே வரும் என்று வானிலை ஆபீஸ் சொன்னது ஆந்திராவுக்குப் போனால், கயிறு திருப்பியது. நேரே வந்து கூரையைப் பிய்த்தால், "கயிறு இல்லேன்னா வூடே போயிருக்கும் நைனா!"

நஷ்டமே வராத இந்தத் தொழிலைப் பார்த்து, மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பத்தில் பிறந்த நான் சிரித்திருக்க வேண்டும். வரிசையில் நின்றேன். பேரம் பேசி ஒரு கயிற்று விலைக்கு இரண்டு வாங்கினேன். ஏமாறுவதிலும் தள்ளுபடி கேட்ட ஒரே ஆள் இந்த நூர் அகமதுதான். வீட்டில் மனைவி மெஹர்னிசாவிடம் மூச்சுவிடவில்லை. தோசைக்கரண்டியோடு விசாரிப்பாள்.

எல்லாம் இறாலுக்காக. தீவுக்கார எட்வர்ட் பிடிப்பான், நான் வாங்கி விற்பேன். ஏரியில் வலை போட ஆளுக்கொரு நாள் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தில் எட்வர்டின் பாடு அந்த வாரம் வியாழக்கிழமை. தவறினால் அடுத்தது நாற்பது நாள் கழித்துத்தான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதும் அதே வியாழக்கிழமை.

காலையில் எட்வர்ட் தயங்கி நின்றான். அவன் இறங்கினால் தாங்களும் இறங்கலாம் என்று பின்னால் பத்துப் படகுக்காரர்கள். நான் புயல்கட்டியையே அழைத்து வந்து, படகின் முன்னால் ஒரு கயிறும் பின்னால் ஒரு கயிறும் கட்டவைத்தேன்.

எட்வர்டின் மனைவி ரோசம்மாள் முன்னே வந்தாள்.

"சாமி, புயலு நெசமாவே திரும்பிச்சா?"

"நெல்லூரு தாண்டி ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா."

"அப்போ முகத்துவாரத்துல பயமில்ல?"

"கொயந்தகூட போய்ட்டு வரும்."

"அப்டின்னா ஏறு."

"இன்னாது?"

"படகுல ஏறு சாமி. இவரோட போய் வலையப் போட்டுட்டு வா. நீ கட்ன கயிற நீயே புட்ச்சிக்கினு குந்து."

புயல்கட்டி வேட்டியை மடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தார். படகு லேசாக ஆடியது. கால் கரைக்குத் திரும்பிவிட்டது.

"எனக்குத் தண்ணில கண்டம்மா. ஜாதகத்துல கீது."

"அதுக்கும் ஏழு முடிச்சு போடேன்!"

"அத்தோட, காத்து வேற ஜாஸ்தியா..."

"எந்தக் காத்து? நீ நெல்லூருக்கு அனுப்சியே, அதா?"

கரையே சிரித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இறால் விடவில்லை.

"பெரியவர வம்புக்கு இழுக்காதம்மா. நேரமாவுது."

"நீயும் ஏறு பாய். ரெண்டு கயிறு கீதே. முன்னால சாமி, பின்னால நீ."

எந்த விலைக்கும் எதிர்விலை சொல்லும் வாய் இது. "எனக்கு முட்டி வலி" என்றது. ஜாதகம் எழுதும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் எனக்கும் அன்று தண்ணீரில் கண்டம் இருந்திருக்கும்.

எட்வர்ட் கத்தியை எடுத்தான். இரண்டு கயிற்றையும் அறுத்துப் புயல்கட்டியின் கையில் வைத்தான். படகைக் கரைமேல் இழுத்தான். பத்துப் படகுகளும் பின்னாலேயே கரையேறின.

புயல் நெல்லூருக்குத்தான் போனது. ஆனால் போகிற போக்கில் முகத்துவாரத்தில் எழுப்பிய அலை, கரையில் கிடந்த படகுகளையே புரட்டிப் போட்டது.

மறுநாள் ஊர்க்கூட்டம். கூண்டு ஏறிய நாளில் யாருடைய பாடு வந்தாலும் அதைக் கடல் அடங்கிய நாளுக்குத் தள்ளிவைப்பது என்று முடிவு செய்தார்கள். இத்தனை காலம் யாருக்கும் தோன்றாத யோசனை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. புயல்கட்டி இப்போது சோழவரம் பக்கம் நிலத்தடி நீர் பார்க்கிறாராம்.

அன்று கரையில் அந்தக் கயிற்றைத் துளியும் நம்பாமலே படகில் கட்ட வந்தவர்கள் இரண்டே பேர். விற்றவர் ஒருவர், வாங்கியவன் நான். எட்வர்டை மட்டும் நம்பச் சொன்னோம். இனி யாராவது உங்களுக்குத் தைரியம் சொன்னால் வாயைப் பார்க்காதீர்கள். புத்தியைக் கொஞ்சம் தட்டி எழுப்பி, அவர் கால் கரையில் இருக்கிறதா படகில் இருக்கிறதா என்று பாருங்கள்.