ஆகாயத்தில் பின்பாரம்

யார் முதுகையும் பார்த்துக்கொண்டு உட்காருவது எனக்குப் பிடிக்காது. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு, கல்யாணப் பந்தியில் முதல் இலை. ரேஷன் கடை வரிசையில்கூட எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் நிற்கலாம் (அதுவும் என்னைவிட மூத்தவராக இருந்தால்). இதையெல்லாம் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய் ஒரு விமானத்தில் ஏற்றிச் சந்தி சிரிக்க வைத்தது.

எனக்குப் படிப்பு கிடையாது. பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மகள் கலாதான் இதை எழுதுகிறாள். (சிரிக்காம எழுதுடி.)

ஆனால் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியும். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. என் வீட்டுக்காரர் நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றுகிற மாட்டு வண்டி வைத்திருந்தார். அவருக்கு இடுப்பு போன பிறகு நானே ஓட்டினேன். களத்திலிருந்து ஆற்றுக்கரைமேல் வண்டி ஏறுகிற இடம்தான் பரீட்சை. பாரம் பின்னால் கூடிப்போனால் நுகத்தடி மேலே கிளம்பும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும், வண்டி பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். அதற்குப் பெயர் பின்பாரம். நுகத்தடி தூக்குகிறது என்று தெரிந்த நிமிஷமே வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் முன்னால் வந்துவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஒருமுறை கொஞ்சம் தாமதமானதில் எங்கள் மயிலைக் காளை கயிற்றில் தொங்கியதைப் பார்த்தவள் நான். அதற்கப்புறம் என் வண்டியில் யாரும் தாமதித்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கலாவுக்குச் சென்னையில் பிரசவம் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தியது ஆறாம் மாதத்திலேயே போய்விட்டது. அன்றைக்கு அவள் தன்னந்தனியாக ஆபரேஷன் அறைக்குள் போயிருக்கிறாள். அதனால் இந்தமுறை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கதவு வரைக்கும் நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு வரணும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

வருகிறேன் என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அவளை ஊருக்கு அழைத்து வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அறுவடை முடிந்ததும் நானே போவதாக இருந்தேன். குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒருநாள் விடிந்தும் விடியாமல் மாப்பிள்ளை போன் செய்தார். பனிக்குடத்தில் தண்ணீர் குறைந்துவிட்டதாம், மதியம் ஒரு மணிக்கு ஆபரேஷனாம். ரயில் நேரத்துக்கு வந்து சேராது என்று அவரே எனக்கும் அவர் அம்மாவுக்கும் திருச்சியிலிருந்து விமான டிக்கெட் போட்டுவிட்டார்.

அவர் அம்மா, அதாவது என் சம்பந்தி, தஞ்சாவூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூருக்குப் போய்வந்தவர். அதை அவர் அடிக்கடி சொல்லமாட்டார். ஆனால் தினமும் ஒருமுறை சொல்லிவிடுவார்.

பின்பக்கத்தில் வாசல் வைத்த சின்ன விமானம் அது. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட்டு. எங்களுக்குக் கடைசிக்கு முந்தின வரிசை. சம்பந்தி ஜன்னலோரத்தைக் காட்டி, "நீங்க உட்காருங்க சம்பந்தி. எனக்கு இதெல்லாம் பார்த்ததுதான்" என்றார். அந்தப் 'பார்த்ததுதான்' எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் ஜன்னல் வேண்டாம் என்று நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். (ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

நிமிர்ந்து பார்த்தால் முன்பக்கம் பாதிக்குமேல் காலி. ஜனம் எல்லாம் பின்னால் அடைந்து கிடக்கிறது. முன்னால் போய் உட்காரலாமே, யார் முதுகையும் பார்க்க வேண்டாமே என்று எழுந்தேன். பணிப்பெண் கையைக் காட்டித் தடுத்தாள்.

"இடம் மாறக் கூடாதும்மா. வெயிட் பேலன்ஸ் பார்த்துத்தான் சீட்டு போட்டிருக்காங்க. மேல ஏறி முடியற வரைக்கும் அப்படியே இருங்க."

இதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரை விமானம் என்பது எனக்குப் புரியாத விஷயமாக இருந்தது. பாரம் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள் என்றதுமே புரிந்த விஷயமாகிவிட்டது. நான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். முன்னால் எண்ணி ஆறு பேர், அதில் நாலு பேர் ஒல்லி. பின்னால் நான், சம்பந்தி (அவரும் ஒல்லியில்லை), மற்ற ஜனம், எனக்குப் பின்வரிசையில் ஆளுக்கொரு நெல் மூட்டை கனத்தில் இரண்டு பேர். இந்த லோடை நான் ஏற்றியிருந்தால் என் வீட்டுக்காரர் சாட்டையாலேயே பேசியிருப்பார். 'என்ன பார்த்து ஏற்றினார்களோ' என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் சிங்கப்பூர் உட்கார்ந்திருக்கிறதே.

விமானம் ஓடியது, இன்னும் ஓடியது. பிறகு முன்பக்கம் தூக்கியது.

கொஞ்சம் தூக்கி நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. முன்சீட்டுகள் எல்லாம் ஆற்றுக்கரை ஏற்றம் மாதிரி எனக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, காது அடைத்தது. அப்போது முன்னாலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் நடைபாதையில் உருண்டு உருண்டு வந்து என் காலில் இடித்து நின்றது. வண்டியில் ஏதாவது பின்னால் உருள ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் நேரம் கிடையாது.

என் கண்முன்னால் கலாதான் வந்தாள். தள்ளுகட்டிலில் படுத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறாள். நான் இங்கே யாரோ லோடு ஏற்றத் தெரியாதவர்கள் ஏற்றிய வண்டியில் மல்லாக்க விழுந்து சாகப்போகிறேன். பெல்ட்டை எப்படி அவிழ்ப்பது என்று அந்தப் பெண் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவிழ்த்தேன், எழுந்தேன், களத்து மேட்டில் நாலு வயலுக்குக் கேட்கிற என் குரலில் சொன்னேன்.

"பின்பாரம் ஆயிப்போச்சு. எல்லாரும் முன்னால வாங்க."

விமானத்தில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருந்தால் அவமானம் என்னோடு போயிருக்கும். ஆனால் அது திருச்சியில் ஏறிய விமானம், பாதிப் பேர் மாட்டு வண்டி தெரிந்த ஜனம். நடைபாதைக்கு அந்தப் பக்கத்துச் சீட்டில் இருந்த பெரியவர் (மன்னார்குடிக்காரர் என்று பிறகு தெரிந்தது) என் சொல்லுக்குப் படக்கென்று எழுந்தார், கேள்வியே கேட்கவில்லை. அவர் சம்சாரம் எழுந்தார். எனக்குப் பின்னால் இருந்த நெல் மூட்டைகளில் ஒன்றும் எழுந்தது. நாங்கள் நாலு பேரும் சீட்டுச் சீட்டாகப் பிடித்துக்கொண்டு கரை ஏறினோம். தன் சீட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பணிப்பெண் உட்காருங்க உட்காருங்க என்று அலறினாள். பயத்தில் அலறுகிறாள், பாவம் சின்னப் பெண் என்று நினைத்தேன்.

எங்கள் கெட்ட நேரம், நாங்கள் முன்வரிசையில் போய் விழுந்ததும் விமானம் மெல்லச் சமநிலைக்கு வந்தது.

"பாத்தீங்களா" என்றேன்.

"பாத்தோம் பாத்தோம்" என்றார் பெரியவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

சென்னையில் எழுந்த நாலு பேரையும் தனியாக அழைத்துப்போய் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். சம்பந்தியும் கூடவே வந்தார். மன்னார்குடிக்காரர், "இந்தம்மா சொன்னாங்க, எழுந்துட்டேன். பழக்கதோசம்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சம்சாரத்தோடு போய்விட்டார். நெல் மூட்டை அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. அதிகாரி என்னிடம், பயத்தில் எழுந்துவிட்டேன், இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போகலாம் என்றார். பதினோரு மணிதான் ஆகியிருந்தது. சரி என்று சொல்லியிருந்தால் பன்னிரண்டுக்குள் என் பெண் பக்கத்தில் இருந்திருப்பேன்.

நான் சரி என்று சொல்லவில்லை.

"எனக்குப் பயமா? லோடு தப்பா ஏத்தினது உங்க ஆளுங்க. நான் எழுந்ததாலதான் வண்டி நிமிந்துச்சு" என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் காகிதத்தில் விமானத்தைப் படம் போட்டு, காற்று எப்படித் தூக்குகிறது என்று காட்டினார். அதில் நுகத்தடி எங்கே என்று கேட்டேன். மூன்றாவதாக ஒருவர் வந்தார். சம்பந்திதான் அவரிடம் பேசிப் பார்த்தார்.

"இவங்களுக்கு முப்பது வருஷ அனுபவம் சார்."

"எந்த வண்டியில?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மாட்டு வண்டி" என்றார்.

மணி பன்னிரண்டே கால் ஆனது. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சம்பந்தி. கலா காத்திருக்கா." அந்த அம்மாள் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். அப்போதுதான் சொன்னேன். கடிதத்தை அவரே எழுதினார். விரல் வைத்தால் போதும் என்றார் அதிகாரி. நான் ரேகை வைக்கிற ஆள் இல்லை என்று பேனாவை வாங்கி என் பெயரை முழுசாகப் போட்டேன். (அதற்கு ஐந்து நிமிஷம்.)

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி ஒன்றரை. பேரன் பிறந்துவிட்டான். கதவு வரைக்கும் அவள் யார் கையையும் பிடிக்காமல், ஒரு கையை வெளியே நீட்டியபடியே போனாளாம். நர்ஸ் சொன்னாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கலா கண் விழித்து ஏம்மா வரலே என்று கேட்டாள். வழியில் கூட்டம் என்றேன். சம்பந்தியும் ஆமாம் என்றார். பேர் வைக்கிற அன்றைக்குத்தான், என்னைக் கேட்டுக்கொண்டு, அவர் எல்லாவற்றையும் சொன்னார். கலா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாக, "இதுக்குத்தானாம்மா" என்றாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் யார் நாற்காலியில் சாய்ந்தாலும் பின்பாரம்தான். காரில் முன்சீட்டு எனக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள், முன்பாரத்துக்காம். ஆசைப்பட்ட இடம்தான். உட்காரும்போதெல்லாம் குத்தும்.

போன வருஷம் கலாவுக்கு அடுத்த பிரசவம். நான் இருபது நாள் முன்னதாகவே போய்விட்டேன், பஸ்ஸில். ஆபரேஷன் அறை மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை என்று தள்ளுகட்டிலைச் சாய்தளத்தில் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏற்றத்தில் கட்டிலின் முன்பக்கம் தூக்கியது. கலா கண்ணைத் திறந்தாள். வலியில் உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"அம்மா, பின்பாரம். முன்னால போ."

கட்டிலைத் தள்ளிய ஆயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் முன்னால் போய், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்க அழுத்தினா கட்டில் நகர மாட்டேங்குது, விடுங்கம்மா என்று ஆயா இரண்டு தரம் சொன்னாள்.

கதவு வந்த பிறகுதான் விட்டேன்.